பூனைவணங்கி

ரோஜாத் தொட்டியில் தானாக முளைத்திருந்த குப்பைமேனியை வேரோடு பிடுங்கிக் கைப்பிடிச் சுவரோரம் போட்டேன். ஐப்பசி மழை விட்ட மறுநாள் அது. மண் இளகிக் கிடந்ததால் வேர் அறுபடாமல் முழுசாக வந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் படுத்திருந்த செவலை தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தான். வயிறு தரையில் படுகிற மாதிரி பம்மிப் பம்மி வந்து அந்த வேரில் மூக்கை வைத்தான். அதற்குப் பிறகு அவன் நான் வளர்த்த பூனையாகவே இல்லை.

வேரைக் கடித்தான். கன்னத்தை அதில் தேய்த்தான். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. பொத்தென்று பக்கவாட்டில் விழுந்து, வேரை முன்னங்கால்களால் கட்டிக்கொண்டு, பின்னங்கால்களால் உதைத்து உருண்டான். கண்மணி விரிந்து கண் முழுக்கக் கருப்பாக இருந்தது. விஷம் ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, படிக்கட்டில் நின்று கீழ் வீட்டு ஆச்சியைக் கூப்பிட்ட கூப்பாட்டில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். ஆச்சி மூட்டுவலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். செவலையைப் பார்த்தாள், வேரைப் பார்த்தாள்.

“ஏட்டி, எதுக்கு இப்படிப் பதறுத? இது பூனைவணங்கில்லா. இதக் கண்டா பூனைக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். செத்த நேரத்துல தானா எந்திச்சுப் போயிரும் பாரு.”

அப்படியேதான் நடந்தது. பத்து நிமிடம் கழித்து செவலை எழுந்து, உடம்பை ஒரு தடவை உலுக்கி, பாதத்தை நக்கி முகம் துடைத்துவிட்டுப் பழைய இடத்தில் போய்ப் படுத்தான். சாயங்காலம் வழக்கம்போல மீன் தலைக்குக் கத்தினான்.

பாளையங்கோட்டையில் இந்த மொட்டை மாடியில் நான் 14 வருஷமாகச் செடி வளர்க்கிறேன். குப்பைமேனியை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். சொறி சிரங்குக்கு உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசுகிற பச்சிலை. ஆனால் அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது. பிறகு தேடிப் பார்த்தால் மூலிகை அகராதிகளில் அந்தப் பெயர் இருக்கிறது. பூனை தலையைத் தாழ்த்தி, முகத்தைத் தரையில் வைத்து, விழுந்து கிடக்கிற அந்தக் காட்சியை எவரோ என்னைப் போலவே நின்று பார்த்திருக்கிறார். பயப்படாமல் பார்த்திருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

பூனை வளர்ப்பவள் என்று தெரிந்ததும் செடி வாங்க வருபவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “அக்கா, வீட்டுல பூனை இருக்கு. கற்பூரவல்லி வைக்கலாமா? துளசி வைக்கலாமா?” பல வருஷம் நான் யோசிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். “பச்சிலைதானே, என்ன செய்யப் போகுது” என்பேன். அந்தப் பதில் எவ்வளவு அரைகுறை என்பதை ஒரு குட்டி சாவின் வாசல் வரை போய் வந்துதான் எனக்குக் காட்டியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குட்டியை ஒரு மார்கழிக் காலையில் தெருக்குழாயடியில் எடுத்தேன். ஒன்றரை மாதம் இருக்கும். உள்ளங்கையில் அடங்கியது. சளியில் மூக்கு அடைத்து, கண் பீளையால் ஒட்டியிருந்தது. தும்மும்போது உடம்பே குலுங்கியது. என் இரண்டு பிள்ளைகளுக்கும் சளி பிடித்தால் நான் செய்ததையே அதற்கும் செய்தேன். கற்பூரவல்லியில் நாலு கொழுத்த இலை பறித்து, தோசைக்கல்லில் வாட்டி, கசக்கிச் சாறு பிழிந்து, இரண்டு சொட்டுத் தேன் விட்டு, இங்க் பில்லரில் எடுத்து வாயோரம் புகட்டினேன். போதாதென்று ராத்திரி நெஞ்சில் லேசாக நீலகிரித் தைலம் தேய்த்து, பழைய துண்டில் சுற்றிப் படுக்க வைத்தேன். அன்பாகத்தான் செய்தேன். தப்பு அதில் குறையவில்லை.

சாறு உள்ளே போன மறுநொடி வாயில் நுரை தள்ளியது. மத்தியானத்துக்குள் இரண்டு முறை வாந்தி. சாயங்காலம் வயிற்றுப்போக்கு. தைலம் தேய்த்த பிறகு நெஞ்சை நக்கிக்கொண்டே இருந்தது. நக்க நக்க இன்னும் எச்சில். விடியற்காலையில் துண்டில் காணோம். ஆட்டுக்கல்லுக்குப் பின்னால், ஈரத் தரையில், தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டதற்குக் காது கூட அசையவில்லை.

கால்நடை மருத்துவர் அதைக் கையில் வாங்கியதும் முதலில் செய்தது முகர்ந்து பார்த்ததுதான். “தைலம் தேய்ச்சீங்களாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். “உள்ளுக்கு என்ன குடுத்தீங்க?” அதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டு நெஞ்சைக் கழுவினார், துவட்டினார், சலைன் ஏற்றினார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் பேசினார். “பூனையை நீங்க சின்னக் குழந்தைன்னு நெனச்சுட்டீங்க. அது சின்னக் குழந்தை இல்லம்மா. அதோட உடம்பே வேற.”

அந்தப் பேச்சை அன்று முழுதாகப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. குட்டி தேறிய பிறகு அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன், வீட்டில் வந்து படித்தேன்.

நாம் சாப்பிடும் மருந்தோ மூலிகைச் சத்தோ உடம்பில் வேலையை முடித்ததும் கல்லீரல் அதை ஒரு வகைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து, தண்ணீரில் கரையக்கூடியதாக்கி, சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தப் பிணைப்பைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றுக்கான மரபணு பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, சிங்கம் புலி உட்பட அந்தக் குடும்பத்துக்கே இப்படித்தான். தலைமுறை தலைமுறையாகக் கறி மட்டும் தின்று வாழ்ந்த இனம். தாவரச் சத்தைக் கழிக்கும் தேவை அதற்கு அதிகம் வரவில்லை. அதனால் பீனால் வகைப் பொருள்கள் உள்ளே போனால் பூனையின் உடம்பு அவற்றைச் சீக்கிரம் வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும் என்பதற்கும் இதுதான் பெரிய காரணம். காய்ச்சலடிக்கிறது என்று கால் மாத்திரை கொடுத்துப் பூனையை இழந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்போது கற்பூரவல்லிக்கு வருவோம். அதன் இன்னொரு பெயர் ஓமவல்லி. கசக்கினால் ஓம வாசம் வருவதால் வந்த பெயர். அந்த வாசத்தைத் தருபவை தைமால், கார்வக்ரால் என்ற எண்ணெய்ச் சத்துகள். இரண்டுமே பீனால் வகை. நமக்குச் சளியை இளக்கும் அதே பொருள்தான் பூனையின் கல்லீரலுக்குச் சுமை. அமெரிக்காவில் விலங்குகளின் நச்சுப் பாதிப்புகளுக்கென்றே ஆலோசனை மையம் நடத்தும் ஏஎஸ்பிசிஏ என்ற அமைப்பின் பட்டியலிலும் இந்தச் செடி பூனைக்கும் நாய்க்கும் ஆகாதவற்றில் இருக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு, பசியின்மை என்று அதில் சொல்லியிருக்கும் அறிகுறிகள் எல்லாவற்றையும் என் குட்டி வரிசையாகக் காட்டிவிட்டது.

அப்படியானால் கற்பூரவல்லியைப் பிடுங்கி எறிய வேண்டுமா? நான் எறியவில்லை. தொட்டியில் நிற்கும் செடி வேறு, பிழிந்த சாறு வேறு, வடித்த தைலம் வேறு. பூனை வாழ்க்கையில் ஒரு தடவை இலையைக் கடித்துப் பார்க்கும். சொரசொரவென்று ரோமம் படர்ந்த கார இலை. துப்பிவிட்டுப் போகும். மிஞ்சிப்போனால் ஒரு வாந்தி. என் மாடியில் வந்து போன பதினோரு பூனைகளில் ஒன்று கூடக் கற்பூரவல்லியை இரண்டாம் முறை கடித்து நான் பார்த்ததில்லை. நாலு இலையின் சாற்றை அரைக்கிலோ எடை கூட இல்லாத குட்டியின் தொண்டையில் நான் இறக்கியது வேறு கணக்கு. அதற்குத் துப்ப வழியே கொடுக்கவில்லை. தைலம் அதைவிட மோசம். மூட்டை மூட்டையாக இலையை வடித்து எடுத்த சத்து ஒரு சின்னக் குப்பியில் இருக்கிறது. பூனையின் தோலில் பட்டது எல்லாம் கடைசியில் பூனையின் வாய்க்குள்தான் போகும், ஏனென்றால் அது அடிக்கடி தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த தைலங்கள், தலைவலி பாம், டீ ட்ரீ ஆயில், கிராம்பு எண்ணெய் எதையும் பூனை மேல் தடவாதீர்கள். அறையை மூடி வைத்துத் தைலம் போட்டு வேது பிடிக்கும்போதும், மின் ஆவிக்கருவியில் வாசனை எண்ணெய் விடும்போதும் பூனையை வெளியே அனுப்பிவிடுங்கள்.

தேனைப் பற்றி ஒரு வார்த்தை. இனிப்பை உணரும் மரபணுவும் பூனையிடம் வேலை செய்வதில்லை. கசப்பு மறைய நான் விட்ட தேன் அதற்குப் பிசுபிசுப்பாக மட்டும்தான் இருந்திருக்கும். கசப்பு மட்டும் நன்றாகத் தெரியும். கசந்தால் பூனைக்கு வாயில் நுரை வரும். அதனால் நுரை வந்ததுமே விஷம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் நுரைக்குப் பின்னால் வாந்தியும் சோர்வும் சாப்பிடாமையும் வந்தால் காத்திருக்கக் கூடாது.

இனி குப்பைமேனி. பூனை விழுந்து விழுந்து போகிறதே, அது அதற்கு நல்லதா கெட்டதா?

இந்தச் செடி நம் ஊர்ப் புத்தகங்களில் மட்டும் இருக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் டச்சு ஆளுநர் வான் ரீட் மலபார்க் கரையின் தாவரங்களைத் தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் ‘குபமேனி’ என்று நம் பெயராலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். பூனை விஷயத்தை ஆய்வுக்கூடத்தில் பார்த்தது மிகவும் பின்னால். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் காட்டுப்பூனையாகிவிட்ட வீட்டுப் பூனைகள் பறவைகளை அழித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கூண்டுக்குள் வரவழைக்க இந்த வேர் உதவுமா என்று பார்த்தார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வில், அந்தத் தீவுக் குப்பைமேனியின் வேரில் ஐசோடைஹைட்ரோநெப்பட்டலாக்டோன், ஐசோஇரிடோமிர்மெசின் என்ற இரண்டு பொருள்கள் இருப்பதைக் கண்டார்கள். மேல்நாட்டில் பூனைகளுக்கென்றே வளர்க்கும் கேட்னிப் செடியில் இருப்பதன் உறவுக்காரப் பொருள்கள் இவை. எனக்கு வியப்பாக இருந்தது அடுத்த செய்திதான். சீஷெல்ஸ் தீவிலிருந்து கொண்டுவந்த குப்பைமேனியில் அவை இரண்டுமே இல்லை. ஆக, செடி ஒன்றானாலும் ஊருக்கு ஊர் வேரின் சத்து மாறும். எங்கள் வீட்டுக் குப்பைமேனிக்குப் பூனை வணங்கவே இல்லையே என்று யாராவது சொன்னால் நான் இப்போது மறுத்துப் பேசுவதில்லை.

பூனைக்கும் பூனைக்கும் கூட வித்தியாசம் உண்டு. இந்த வகை வாசத்துக்கு மயங்குவது பரம்பரையாக வருவது. மூன்றில் ஒரு பூனை ஏறெடுத்தும் பார்க்காது. ஐந்தாறு மாதம் ஆகாத குட்டிகளும் அப்படியே. மயங்கும் பூனையும் ஐந்து பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளிந்த பிறகு கொஞ்ச நேரத்துக்கு மறுபடி அதே வேரைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில் மசாவோ மியாசாகியும் கூட்டாளிகளும் மடடாபி என்ற கொடியை வைத்து இதை ஆராய்ந்து 2021இல் எழுதினார்கள். அந்தக் கொடியில் உள்ள பொருள் பூனையின் மூளையில் இயற்கையாகச் சுரக்கும் எண்டார்ஃபினைத் தூண்டுகிறது. தேய்த்துக்கொள்வதால் அந்தப் பொருள் ரோமத்தில் ஒட்டி, கொசு அண்டுவது குறைகிறது. பூனை வெறுமே கிறங்கிக் கிடக்கவில்லை, மேலுக்கு மருந்து பூசிக்கொள்கிறது என்று தெரிந்தபோது அந்தப் பிராணி மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது.

ஆகவே வேரை முகரட்டும், உருளட்டும். நான் தடுப்பதில்லை. ஆனால் பூனைக்குப் பிடித்தது என்பதாலேயே அதைத் தின்னக் கொடுக்கலாம் என்று ஆகாது. குப்பைமேனி இலைச்சாறு நம் கிராமங்களில் எதற்குப் பயன்பட்டது? குழந்தைக்கு நெஞ்சுச் சளி கட்டினால் கொஞ்சம் புகட்டி வாந்தி எடுக்க வைக்க. வாந்தி எடுக்க வைப்பதே அதன் குணம். இன்னொன்றும் இருக்கிறது. 1990களில் இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்த செய்தி அது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த சிலர் குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சி குடித்தபின், ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பூனையின் சிவப்பணு இந்த விஷயத்தில் நம்முடையதைவிட மென்மையானது. ஆக்சிஜனேற்றத்தால் எளிதில் கெடக்கூடிய கந்தகத் தொகுதிகள் மனிதரின் ஹீமோகுளோபினில் 2 என்றால் பூனையுடையதில் 8 இருக்கின்றன. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சாவது இதனால்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு குப்பைமேனிச் சாற்றைப் பூனைக்குப் புகட்டவோ, பூனையின் படைக்கு அரைத்துப் பூசவோ எனக்குத் துணிவில்லை. பூசினால் நக்கும். படைக்கு மருத்துவரிடம் களிம்பு இருக்கிறது.

பூனை இலை தின்பதே நோயின் அடையாளம் என்று பயப்படுகிறவர்களையும் பார்க்கிறேன். அருகம்புல்லைப் பூனை தின்று கக்குவதை நாம் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவர்கள். கலிபோர்னிய ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், தின்பதற்கு முன் அநேகப் பூனைகள் நல்ல உடல்நிலையில்தான் இருந்தன, கக்கியவையும் கால்வாசி அளவுதான் என்று தெரிந்திருக்கிறது. புல் தின்பது பூனையின் பிறவிக் குணம். புல் கிடைக்காத வீட்டில் அது கிடைத்ததைக் கடிக்கும். அங்கேதான் ஆபத்து. நான் செய்த காரியங்களிலேயே அதிகம் பலன் தந்தது ஒரு அகலத் தொட்டியில் அருகம்புல்லை வளர்த்துக் கைப்பிடிச் சுவரோரம் பூனைகளுக்கென்று வைத்ததுதான். பூச்சிமருந்து படாத இடத்திலிருந்து வேர்க்கட்டையோடு கொண்டுவந்து நட வேண்டும். சாலையோரப் புல் வேண்டாம். களைக்கொல்லி தெளித்திருப்பார்கள், நாய்கள் சிறுநீர் கழித்திருக்கும். தொட்டி வைத்த பிறகு மற்றச் செடிகளின் இலையில் பல்தடம் விழுவது அநேகமாக நின்றுபோனது. எலுமிச்சைப்புல் மட்டும் விதிவிலக்கு. அதன் நுனியை செவலை இன்றும் கடிப்பான், கடித்தால் சில நாள் கக்குவான். அதைத் தூக்கி ஆணியில் தொங்கவிட்டேன்.

மற்றப் பச்சிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சை இரண்டும் பயமில்லாதவை. துளசி என் மாடியில் ஆறு தொட்டி இருக்கிறது, ஒரு பூனைக்கும் ஒன்றும் ஆனதில்லை. தொட்டியோரம் படுப்பதோடு சரி. துளசி எண்ணெய் வேறு விஷயம், மேலே சொன்னதுதான் அதற்கும். புதினாவை நிறையத் தின்றால் வயிறு கெடும். சோற்றுக்கற்றாழையின் உள்ளிருக்கும் சோறு அல்ல, தோலுக்கு அடியில் மஞ்சளாக வடிகிற பால்தான் பூனைக்கு வாந்தியும் பேதியும் தரும். பூனை அந்த மடலை வெளியிலிருந்து கடிப்பதால் முதலில் வாயில் படுவது அதுதான். வெட்டிய மடலைத் தரையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியவை மூலிகை வரிசையில் இல்லை, அழகுக்கு வைக்கும் வரிசையில் இருக்கின்றன. இதை எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும். லில்லி. கல்யாண வரவேற்பில் கொடுக்கும் பூங்கொத்தில் பெரிய வெள்ளை, இளஞ்சிவப்புப் பூவாக நிற்கிறதே, அதன் இலை, இதழ், மகரந்தம், குவளைத் தண்ணீர் எதுவும் பூனைக்கு ஆகாது. ரோமத்தில் உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலே ஓரிரு நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். பூனை இருக்கும் வீட்டுக்குள் அந்தப் பூங்கொத்து நுழையவே கூடாது. நர்சரியில் சைகஸ் என்று விற்கும் குட்டைப் பனை போன்ற செடி கல்லீரலைக் கெடுக்கும், அதன் கொட்டை இன்னும் கொடியது. அரளி இதயத்தைத் தாக்கும். நம் மாநில மலரான செங்காந்தளில் கிழங்கு முதல் விதை வரை கொல்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. மணிபிளான்ட் கொல்லாது, ஆனால் வாய் எரிந்து பூனை அலறும். இவற்றோடு ஒப்பிட்டால் கற்பூரவல்லித் தொட்டி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வந்து கேட்பவர்கள் எல்லோரும் கற்பூரவல்லியைக் கேட்கிறார்கள், லில்லியை ஒருவரும் கேட்பதில்லை.

செடியைப் பற்றியே பேசி மண்ணை விட்டுவிடுகிறோம். மாடித்தோட்டக்காரர்கள் உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கில் ரைசின் நஞ்சு மிச்சம் இருக்கக்கூடும். பூனை, நாய் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்த்து வேறு புண்ணாக்கு போடுங்கள். பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் இலை நன்றாகக் காயும் வரை பூனையை மாடிக்கு விடாதீர்கள். ஈரத்தில் உரசிவிட்டு அதையும் நக்கும். தென்னைநார்க் கழிவு போட்ட தொட்டி பூனைக்குக் கழிப்பிடம் மாதிரியே தோன்றும். நாற்று நட்டதும் மேல்மண்ணில் கூழாங்கல் பரப்பியோ, காய்ந்த குச்சிகளை நெருக்கமாகச் சொருகியோ வைத்தால் தோண்டாது. பூனைக் கழிவில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. கருவுற்ற பெண்கள் தொட்டி மண்ணை வெறுங்கையால் கிளற வேண்டாம். மாடியில் பறித்த புதினாவானாலும் மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள்.

பூனை ஏதோ தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே ஆபத்து. பால் ஊற்றினால் விஷம் முறியும் என்பதும் சரியில்லை. வாயோரம் இலைத்துணுக்கு இருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். கடித்த செடியில் ஒரு கிளையை ஒடித்துக் கவரில் போடுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, எத்தனை தடவை கக்கியது என்பதை நினைவில் வையுங்கள். மாட்டாஸ்பத்திரிக்குப் போனால் மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு நான் தைலத்தை மறைத்திருந்தால் என் குட்டிக்கு அந்தக் குளியல் கிடைத்திருக்காது. லில்லியாக இருந்தால் அறிகுறி வரும் வரை காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே கிளம்புங்கள். வளர்ந்த பூனை இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும். குட்டிக்கு ஒரு நாள் பட்டினியே அதிகம்.

சளி பிடித்த பூனைக்கு நான் இப்போது செய்வது மிகவும் எளிது. கண்ணையும் மூக்கையும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைப்பேன். குளியலறையில் வெறும் வெந்நீர் ஆவி பரவவிட்டு, என் மடியில் வைத்துப் பத்து நிமிடம் உட்காருவேன். மூக்கு அடைத்த பூனைக்கு வாசம் தெரியாது, வாசம் தெரியாவிட்டால் சாப்பாட்டைத் தொடாது. அதனால் மத்தி மீனை உப்பு மஞ்சள் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சூடாக முகத்தருகே வைப்பேன். மறுநாளும் சாப்பிடவில்லை என்றால் ஆட்டோதான்.

அந்தக் குட்டி பிழைத்தது. மூன்று நாள் சலைன் ஏறியது. நாலாம் நாள் காலையில் என் முழங்கையை நக்கியது. இப்போது மூன்று கிலோ இருக்கிறாள். மழை விட்ட நாள்களில் தொட்டிகளைச் சுத்தம் செய்யும்போது ஒரு குப்பைமேனியை மட்டும் விட்டுவைத்து, மாதம் ஒருமுறை அதன் வேரை செவலைக்குப் பிடுங்கிப் போடுகிறேன். அவன் உருளுவதை அவள் தள்ளி நின்று பார்ப்பாள். கிட்டப் போய் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அந்த வாசம் அவளுக்குப் பிறவியிலேயே எட்டவில்லை. அவள் மத்தியானத் தூக்கம் எல்லாம் கற்பூரவல்லித் தொட்டிக்கு அடியில்தான். இலைகள் அவள் காதின் மேல் கவிந்து கிடக்கும். ஒன்றிலும் பல்தடம் இல்லை.